எர்வின் சென்டரை இடித்துவிட்டார்கள்

ஆஸ்டின்
செப்டம்பர் 2024

அன்புள்ள அரவிந்த்,

நீயும் நித்யாவும் குட்டியும் நலம்தானே? நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நடக்கப் போகலாம் என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பழைய கூடைப்பந்து உள்ளரங்கமான எர்வின் சென்டர் இருந்த இடத்தின் படத்தை நான் குடும்பக் குழுவில் போட்டதும், "அப்பாடா, அந்த அசிங்கம் ஒருவழியாக ஒழிந்தது" என்று எழுதியிருந்தாய். உன் தங்கை அதற்குக் கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டாள். அப்பா வழக்கம்போலப் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அங்கேயே பதில் போட்டிருப்பேன், ஆனால் கட்டைவிரலால் தட்டி முடிக்கிற சங்கதி இல்லை இது. அதனால் கடிதம். தமிழில் இவ்வளவு நீளம் படிக்க உனக்கு நேரமாகும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்கார்ந்து மெதுவாகப் படி. சனிக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இதுகூடக் கேட்கக் கூடாதா?

அசிங்கம் என்று நீ சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ரெட் ரிவர் தெருவில், 35-ஆம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்த மாதிரிதான் நின்றது. ஊரில் எல்லோரும் 'டிரம்' என்பார்கள். 1977-ல் திறந்தபோது பெருமையாகத்தான் இருந்திருக்கும். பதினாறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஆனால் ஆடுகளம் செவ்வகம், கட்டிடம் வட்டம். சிவில் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, செவ்வகத்தைச் சுற்றி வட்டமாக இருக்கை போட்டால் பாதிப் பேர் ஆட்டத்தைவிட்டுத் தள்ளித்தான் உட்கார வேண்டும். மேல்தட்டில் இருந்தால் முகம் தெரியாது, முதுகில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டம் குறைவான நாளில் எவ்வளவு கத்தினாலும் சத்தம் கூரைக்குப் போய் அங்கேயே காணாமல் போய்விடும். கச்சேரிக்கு வந்தவர்களும் ஒலி சரியில்லை என்று திட்டிக்கொண்டேதான் போவார்கள். ஆனாலும் மறுபடி வருவார்கள், ஏனென்றால் அந்தக் காலத்து ஆஸ்டினில் அவ்வளவு பெரிய கூரை வேறு எங்கே இருந்தது?

பெயர்க் கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. பல்கலைக்கழக ஆட்சிக் குழுவின் தலைவராக இருந்தவர் ஃபிராங்க் எர்வின். 1969 அக்டோபரில், அமெரிக்கக் கால்பந்து மைதானத்தை விரிவாக்குவதற்காக வாலர் ஓடைக் கரையிலிருந்த மரங்களை வெட்ட ஆள் அனுப்பினார். மாணவர்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். போலீஸ் வந்து அவர்களை இறக்கிக் கைது செய்தது, மரங்கள் சாய்ந்தன, எர்வின் நின்று கைதட்டினார் என்று இன்றைக்கும் பேசுவார்கள். 1980-ல் அவர் இறந்த பிறகு, அதுவரை சிறப்பு நிகழ்ச்சிகள் மையம் என்று பொதுப் பெயரில் இருந்த கட்டிடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தக் கட்டிடத்தின் ஓரமாகவும் அதே வாலர் ஓடைதான் போகிறது. அவருக்காகவும் நான் கண்ணீர் விடவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதினேன். அப்பா இதைப் படித்தால், விஷயத்துக்கு வருவதற்குள் விடிந்துவிடும் என்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இங்கே வந்தது 1985 ஆகஸ்டில். கல்யாணமாகி மூன்று மாதம். அப்பா முதுகலை மாணவர், நான் அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். எஃப்-2 என்று பெயர். அந்த விசாவில் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. லேக் ஆஸ்டின் சாலையில் குடும்பஸ்த மாணவர்களுக்கான பிராக்கன்ரிட்ஜ் குடியிருப்பில் ஒரு வீடு. காலையில் அப்பா ஷட்டில் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால் இரவுதான் வருவார். திருச்சியில் நான் கணக்குப் பட்டம் வாங்கியவள், ஒரு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள். இங்கே சாதம் வடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எர்வின் சென்டரைப் பற்றி முதலில் சொன்னது அப்பாதான், அதுவும் புலம்பலாக. அப்போது ஒவ்வொரு பருவத்துக்கும் வகுப்புகளைப் பதிவு செய்வது அங்கேதான். தளம் முழுக்க மேஜைகள், துறை துறையாக வரிசை, கையில் அட்டைகள். ஒரு வரிசையில் நின்று முன்னே போவதற்குள் அந்த வகுப்பு நிரம்பிவிடும், வேறு வரிசைக்கு ஓட வேண்டும். "ரேஷன் கடை எவ்வளவோ தேவலை" என்று வியர்க்க விறுவிறுக்க வந்து சொன்னார். பிற்பாடு தொலைபேசியில் பதிவு செய்யும் முறை வந்து அந்த வதை ஒழிந்தது. உன் காலத்தில் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிட்டாய்.

பக்கத்து வீட்டில் ஒரு கொரியப் பெண், அவளும் என்னைப் போல விசாவில் வந்தவள். எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்த ஆங்கிலம் கொஞ்சம்தான், அதிலும் பாதி கைஜாடை. ஒருநாள் மாணவர்களின் பத்திரிகையான டெய்லி டெக்சனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பெண் பந்தோடு பாய்கிற படம், கீழே ஆட்டத்தின் நேரம். டிக்கெட் விலை எங்கள் இருவராலும் கொடுக்க முடிகிற அளவுதான். நான் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவள் என்று அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தேன், அதை நினைவு வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

என் ஆட்டக் கதையை நீ பல தடவை கேட்டாயிற்று, கண்ணை உருட்டாதே. ஆனால் இந்தப் பக்கத்தை நான் சரியாகச் சொன்னதில்லை. எங்கள் கல்லூரியில் சிமெண்ட் தளம், வளையத்தில் வலை கிடையாது, விழுந்தால் முட்டித் தோல் போகும். எங்கள் பி.டி. மிஸ் மெட்ராஸ் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920-ல் தொடங்கிய கல்லூரி அது, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசில் ஊதிய எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள்தான். மிஸ் எங்களைக் காலை ஐந்தரைக்கே எழுப்பி ஓடவிடுவார். நன்றாகத்தான் ஆடினோம். அப்போது திருச்சிக் கல்லூரிகள் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-ல்தான் வந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரிதான். பெண்கள் கல்லூரி மதில் சுவருக்குள் ஆட்டம், வாசல் கதவு சாத்தியிருக்கும், வெளியாட்கள் வரக் கூடாது. பார்க்கிறவர்கள் யார்? அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் அணி, இரண்டு மூன்று ஆசிரியைகள், விடுதிச் சமையலம்மா, வாட்ச்மேன். இறுதிப் போட்டியில் ஜெயித்துக் கோப்பை வாங்கியபோதுகூட அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சொன்னால் தாத்தா, "பரீட்சை எப்போ?" என்பார். அவர் கெட்டவர் இல்லை. பெண்கள் ஆடுவதை உட்கார்ந்து பார்க்கலாம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை என்பதுதான் வேடிக்கை. ஆடுவது எங்கள் வேலை, பார்ப்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள், அது அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

இந்த மூளையோடுதான் நான் எர்வின் சென்டருக்குள் போனேன். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். படியேறி மேல்தட்டு வாசலில் நின்று கீழே பார்த்தால் ஆயிரக்கணக்கில் ஜனம். இளவட்டங்கள் மட்டுமா? தலை நரைத்த அம்மாக்கள் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு நடுவரைத் திட்டுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் மாதிரி இருந்தார்கள், பாதிப் பேர் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. ஒருவர் தன் பேத்தியைத் தோளில் வைத்திருந்தார். ஆண்களும் நிறைய. ஒரு பெண் பந்தைப் பிடுங்கி ஓடினாள், மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. நானும் எழுந்தேன். கொரியப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த அணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பயிற்சியாளர் ஜோடி கான்ராட். 1976-ல் வந்தவர், 2007 வரை இருந்தார், அவர் அணிகள் மொத்தம் 900 ஆட்டம் ஜெயித்தன. அவரைக் கொண்டுவந்தவர் டோனா லோபியானோ. மத்திய அரசின் பணம் வாங்கும் கல்லூரி ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் பார்க்கக் கூடாது என்று 1972-ல் சட்டம் வந்ததே, அதற்குப் பிறகு இங்கே பெண்கள் விளையாட்டுக்கென்று தனித் துறையே வைத்தார்கள், அதை நடத்தியவர். கால்பந்துக்காரர்கள் அந்தச் சட்டத்திலிருந்து நழுவப் பார்த்தபோது வாஷிங்டனுக்குப் போய் எதிர்த்துச் சாட்சி சொன்னவரும் இவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதுவும் டெக்சஸில்!

நான் பார்க்கத் தொடங்கிய 1985-86 பருவத்தில் அவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 34 ஆட்டம், 34 வெற்றி. என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்தும் தேசியப் போட்டியில் ஒரு பெண்கள் அணி தோல்வியே இல்லாமல் பட்டம் வாங்கியது அதுதான் முதல் தடவை. கேமி எத்ரிட்ஜ் பந்தைக் கொண்டுவருவாள். யாரையும் பார்க்காமல் கடத்துவாள், ஆனால் பந்து சரியான கைக்குப் போய்ச் சேரும். ஆண்ட்ரியா லாய்ட், ஃபிரான் ஹாரிஸ், அப்புறம் முதலாண்டு மாணவி கிளாரிசா டேவிஸ். கென்டக்கியில் நடந்த இறுதி ஆட்டத்தில் தெற்கு கலிஃபோர்னியாவை 97-81 என்று வென்றார்கள். எதிர் அணியில் செரில் மில்லர், அந்தக் காலத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. டேவிஸ் பெஞ்சிலிருந்து இறங்கி வந்து 24 புள்ளி எடுத்தாள். எங்கள் வீட்டுச் சின்னக் கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்தோம். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து வெப்பவியல் படித்தார். ஆட்டம் முடிந்ததும், "ஜெயிச்சாச்சா? சாப்பிடலாமா?" என்றார்.

அடுத்த வருடம் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள் மோதுவது எர்வின் சென்டரிலேயே என்று முடிவாகியிருந்தது. 1987 மார்ச். சொந்த ஊர், சொந்தக் கூரை, போன வருடச் சாம்பியன். பதினைந்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். நான் மேல்தட்டில், கூரைக்கு இரண்டு வரிசை கீழே. கூட்டம் குறைந்தால் சத்தம் காணாமல் போகும் என்று எழுதினேனே, அன்றைக்கு அதே கூரை வாங்கிய சத்தத்தை எல்லாம் திருப்பிக் கொட்டியது. காது அடைத்துவிட்டது. டெக்சஸ் அரையிறுதியில் லூசியானா டெக்கிடம் தோற்றது. பட்டம் டென்னசிக்குப் போனது. அது அவர்கள் பயிற்சியாளர் பேட் சம்மிட்டின் முதல் பட்டம், பின்னால் அவர் மொத்தம் எட்டு வாங்கினார். தோற்ற அன்று எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவி கால்மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. பெண்கள் தோற்றதற்காக இத்தனை ஆயிரம் பேர் துக்கம் கொண்டாடுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், ஜெயித்ததைவிட அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது.

ஆடுகளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருப்பார். ஆட்டங்களில் அவரை அடிக்கடி பார்க்கலாம். பெரிய குரல். நடுவரை அவர் கேட்கிற கேள்வி கீழ் வரிசைகளுக்கெல்லாம் கேட்கும். யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த அம்மாதான், "பார்பரா ஜோர்டன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு விளங்கவில்லை என்று கண்டு அரை மணி நேரம் பாடம் நடத்தினார். தெற்கு மாநிலங்களிலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். 1974-ல் நிக்சன் மீதான விசாரணையில் அரசியல் சாசனத்தைப் பற்றி அவர் பேசியது நாடு முழுக்கக் கேட்டது. அப்புறம் இங்கே பல்கலைக்கழகத்தின் எல்.பி.ஜே. பொது விவகாரக் கல்லூரியில் பேராசிரியர். நீ படித்தபோது, 2009-ல், வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்களே, அவர்தான். அந்தச் சிலை இடுப்பில் கைவைத்து நிற்கிறது. நான் பார்த்தவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மிரட்டுவார். பின்னாளில் ஆளுநரான ஆன் ரிச்சர்ட்ஸும் அந்த ஆட்டங்களுக்கு வருவார். தலைமுடியை வைத்தே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இரண்டு வருடமாக எர்வின் சென்டரைப் பற்றி ஊரில் பேசுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? இன்ன பாடகர் வந்தார், இன்ன குழு வாசித்தது, கெவின் டுரான்ட் ஆடினான். உன்னைக் கேட்டாலும் டுரான்ட் என்றுதான் சொல்வாய். நீ சேர்ந்த அதே 2006-ல் அவனும் சேர்ந்தான், ஒரே ஒரு வருடம் ஆடினான், நாட்டின் சிறந்த ஆட்டக்காரன் பட்டத்தை முதலாண்டு மாணவனாகவே வாங்கிக்கொண்டு போய்விட்டான். நல்ல ஆட்டக்காரன், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த டிரம்மைக் கூடைப்பந்துக்காக நிரப்பிக் காட்டியது யார்? எண்பதுகளின் பின்பாதியில் பெண்கள் ஆட்டத்துக்கு நாட்டிலேயே அதிகக் கூட்டம் வந்தது இங்கேதான். ஆண்கள் அணிக்கு வந்ததைவிட அதிகமாக வந்த பருவங்களும் உண்டு. தென்மேற்கு மாநாடு என்று பெயர் வைத்த கல்லூரி லீக் ஆட்டங்களில் பெண்கள் அணி தொடர்ச்சியாக 183 ஆட்டம் தோற்காமல் இருந்தது, பன்னிரண்டு வருடம்! 1990-ல் ஆர்கன்சாஸ் வந்து அதை முறித்ததும் இதே தளத்தில்தான். இதெல்லாம் இரங்கல் பேச்சில் ஒரு மூலையில், கடைசி வரியில் வருகிறது, அல்லது வருவதேயில்லை. உனக்கு அது அசிங்கமான கட்டிடமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை, யாரும் உனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு பெயரையும் எண்ணையும் அடுக்குகிறேன், பொறுத்துக்கொள்.

பாட்டியை உனக்கு நினைவிருக்கிறதா, 2010-ல் உன் பட்டமளிப்புக்கு வந்தபோது? மே மாதம், வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏ.சி. குளிரில் பாட்டி என் சால்வை, உன் தங்கையின் சால்வை இரண்டையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் பெயரை அவர்கள் கூப்பிட்ட விதத்தில் அது உன் பெயர் என்றே பாட்டிக்குத் தெரியவில்லை. நீ மேடை ஏறி இறங்கியும் ஆயிற்று, அதற்கப்புறம் கைதட்டினார். நீ கீழே இருந்ததால் அடுத்து நடந்தது உனக்குத் தெரியாது. பாட்டி கூரையை நிமிர்ந்து பார்த்தார். "தூணே இல்லாம எப்படிடி நிக்குது?" என்றார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீ லெட்டர்ல எழுதுவியே, பொண்ணுங்க பந்து விளையாடுறத பாக்க ஊரே வருதுன்னு, அது இங்கதானா?" என்று கேட்டார். நான் நீல நிற ஏரோகிராமில் எழுதி அனுப்பிய கதைகள். இருபத்துச் சொச்சம் வருடம் கழித்தும் நினைவு வைத்திருந்தார். இங்கேதான் என்றேன். "உங்கப்பா அப்ப அதைப் படிச்சிட்டு, இவ சும்மா அளக்கறான்னாரு" என்றார் பாட்டி. நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இடித்ததைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. இதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் அம்மா என்று நீயும் நித்யாவும் பேசிக்கொள்வீர்கள். பல்கலைக்கழகத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தபோதே அந்த இடத்தின் மேல் கண் விழுந்துவிட்டது. 15-ஆம் தெருவில் புது மருத்துவமனை 2017-ல் திறந்தது. போன வருடம் ஆகஸ்டில், எர்வின் சென்டர் இருந்த இடத்தில் ஹூஸ்டனில் இருக்கிற எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கிளையோடு பெரிய மருத்துவ வளாகம் வரும் என்று அறிவித்தார்கள். மீனா ஆன்ட்டி சிகிச்சைக்காக ஹூஸ்டனுக்குப் போய் வந்தது உனக்கே தெரியும். மூன்று மணி நேரம் போக, மூன்று மணி நேரம் வர, அதுவும் மருந்து ஏற்றிக்கொண்டு வாந்தியோடு. அந்தக் காரில் சில முறை நான் பின் இருக்கையில் இருந்தேன். அதைப் பார்த்தவள் ஒரு ஆடுகளத்துக்காக ஆஸ்பத்திரி வேண்டாம் என்பாளா?

ஒன்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். இதைவிட எவ்வளவோ பழையது கிரெகரி ஜிம், 1930-ல் கட்டியது. எர்வின் சென்டர் வருமுன் கூடைப்பந்து அங்கேதான் நடந்தது. அதை ஏன் யாரும் தொடவில்லை? செங்கல் கட்டிடம், அழகாக இருக்கிறது என்பது ஒரு பக்கம். இன்னொன்று, அது வளாகத்தின் நடுவில் இருக்கிறது, பிள்ளைகள் தினமும் உள்ளே போய் ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள், மாலையில் கைப்பந்து ஆட்டம் நடக்கிறது. நீயே பரீட்சைக்கு முந்தின நாள் அங்கே போய்ப் பந்து போட்டுக்கொண்டிருப்பாய். எர்வின் சென்டருக்கு டிக்கெட் இருந்தால்தான் வேலை. மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும், சுற்றிலும் கார் நிறுத்துமிடம், அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. தினமும் புழங்குகிறவர்கள் இல்லாத கட்டிடத்துக்குப் பரிந்து பேச ஆள் ஏது? அதை மாற்றியிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் கட்டிடக்காரன், நீ சொல்லு.

இடித்த விதத்தையும் கேட்பாய். டிவியில் காட்டுகிற மாதிரி வெடி வைத்து ஒரே நொடியில் சாய்க்கவில்லை. இயந்திரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தார்கள். போன வருடக் கடைசியில் தொடங்கி மாதக்கணக்கில் நடந்தது. கடைக்குப் போகிற சாக்கில் அப்பாவை அந்தப் பக்கமாக வண்டியை ஓட்டச் சொல்வேன். ஒரு கட்டத்தில் வட்டத்தின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள், உள்ளே மேல்தட்டுப் படிகள் வரிசை வரிசையாக வெயிலில் தெரிந்தன. நான் உட்கார்ந்த பக்கம் எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். "போதுமா?" என்றார் அப்பா. அப்புறம் அவராகவே இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தார். அவர் அங்கே பார்த்த ஆட்டங்களில் பாதியில் தூங்கினார், மீதியில் படித்தார், ஆனாலும் சுற்றி வந்தார். காரணம் கேட்கவில்லை நான்.

எர்வின் சென்டருக்குப் பதிலாகக் கட்டிய 'மூடி சென்டர்' (Moody) என்ற புது அரங்கத்துக்கு நாங்கள் போயிருக்கிறோம். 2022 ஏப்ரலில் திறந்தது, கொஞ்சம் வடக்கே, நடந்தே போகிற தூரம். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். கூடைப்பந்துக்கு மேல் அடுக்கைத் திரைபோட்டு மறைத்துப் பத்தாயிரம் சொச்சம் இருக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதனால் எங்கே உட்கார்ந்தாலும் முகம் தெரிகிறது, சத்தமும் உள்ளேயே நிற்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. பாப்கார்ன் விலையைப் பார்த்து அப்பாவுக்குத்தான் மயக்கம் வந்தது. இப்போதைய பெண்கள் அணியும் பலமான அணி. மேடிசன் புக்கர் என்று ஒரு பெண், போன வருடம்தான் சேர்ந்தாள், அவள் நின்று எறிகிற அழகை நீ ஒருதரம் பார்க்க வேண்டும்.

டிசம்பரில் வருவதாக இருந்தால் இந்த மாதத்துக்குள் தேதியைச் சொல்லிவிடு. பெண்கள் ஆட்டம் எந்த நாளில் என்று பார்த்து ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுத்துவிடுகிறேன், அப்பா வரமாட்டேன் என்பார், அவருக்கும் சேர்த்துத்தான் எடுப்பேன். குட்டிக்கு இப்போது எந்த அளவு சட்டை சரியாக இருக்கும் என்று நித்யாவிடம் கேட்டு எழுது. ஆரஞ்சு நிறத்தில் இங்கேதான் மலிவாகக் கிடைக்கும். வரும்போது எனக்கு அங்கிருந்து ஒன்றும் வாங்கிவர வேண்டாம், போன முறை கொண்டுவந்த சாக்லேட்டே இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா